முகிலில் வைத்த கதிரைகள்

சிவராசா உழவு இயந்திரப் பெட்டியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்ட அன்றுதான், தங்களுடைய கதிரைகள் எங்கே இருக்கின்றன என்பது தனக்குத் தெரியாது என்று வீரம்மா உணர்ந்தாள்.

உருத்திரபுரத்தில் அவர்கள் நடத்துவது வாடகைக் கடை. இருக்கக் கதிரை, நிழலுக்குத் தகரப் பந்தல், சமைக்கக் கிடாரம், மணவறை, ஜெனரேற்றர் என்று கலியாணவீட்டுக்கும் செத்தவீட்டுக்கும் வேண்டிய எல்லாம் அங்கே உண்டு. கிடாரங்களைக் கழுவுவதும், பந்தல் துணி தோய்ப்பதும், கால் வெடித்த கதிரைகளைப் பிரித்து வைப்பதும் வீரம்மாவின் பாடு. எந்தச் சாமான் யார் வீட்டுக்குப் போனது, எப்போது திரும்பும், அடுத்து யாருக்கு என்பதெல்லாம் சிவராசாவின் தலைக்குள் இருந்தன. எழுதி வையுங்கோ என்று சொன்னால், "எழுதிற நேரத்துக்கு நான் இன்னொரு பந்தல் போட்டிடுவன்" என்பார்.

அந்தத் தலை இப்போது வவுனியா ஆஸ்பத்திரியில் மயக்க மருந்தில் கிடந்தது. வெளியே அவருடைய போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

"அண்ணை, நாளைக்குக் காலமை கதிரை வரும்தானே?"

எந்த அண்ணை, எந்த இடம், எத்தனை கதிரை என்று வீரம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. புறப்படும்போது களஞ்சியம் பாதிக்கு மேல் வெறுமையாகக் கிடந்ததை மட்டும் கண்டிருந்தாள். கணவர் கண் விழித்ததும் காதருகே குனிந்து கேட்டாள். "அக்கராயன்ல கேள்" என்றார். சற்றுப் பொறுத்து, "இல்லை, அது போன கிழமை" என்றார். பிறகு தூங்கிவிட்டார்.

அவள் ஊருக்குத் திரும்பி, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு தன் கதிரைகளைத் தேடிப் புறப்பட்டாள். ஒவ்வொரு கதிரையின் முதுகிலும் சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டிருக்கும். வேலிக்கு மேலாலும் படலைக்குள்ளாலும் அந்த வட்டத்தைத் தேடினாள். ஒரு வளவில் பந்தல் தெரிந்தது. வாசலில் நின்று எட்டிப் பார்த்தவளை, வேட்டி கட்டிய ஒருவர் வந்து, "ஏனம்மா வெளியில நிக்கிறியள், வாங்கோ, வந்து சாப்பிடுங்கோ" என்று கையைப் பிடிக்காத குறையாக அழைத்துப் போனார். யாருடைய வீடு, என்ன விசேஷம் என்று தெரியாமலே வீரம்மா பந்தியில் இருந்து சாப்பிட்டாள். கதிரை அவளுடையதுதான். அதைச் சொல்ல வாய் வரவில்லை.

வீரம்மா கைக்குழந்தையாக இருந்தபோது, எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தோடு, அவளுடைய தாய் தேயிலைத் தோட்டத்தை விட்டு அவளைத் தூக்கிக்கொண்டு கிளிநொச்சிக்கு வந்தவள். வீரம்மா வளர்ந்தது, படித்தது, கலியாணம் கட்டியது எல்லாம் வன்னியில்தான். பேச்சும் இந்த ஊர்ப் பேச்சுத்தான். கடும் கோபம் வந்தால் மட்டும் தாயின் மலைநாட்டுச் சொல் ஒன்று நடுவில் வந்து விழும். போர் முடிந்து மீள்குடியேறிய பிறகு, ஒரு கிடாரத்தோடும் சில கதிரைகளோடும் அவளும் சிவராசாவும் தொடங்கியதுதான் இந்தத் தொழில். துணுக்காயில் கலியாணம் கட்டிப் போயிருந்த மகள் மேனுகாவின் வீட்டோடு அண்மையில் இரண்டாவது களஞ்சியமும் போட்டிருந்தார்கள். அதன் கணக்கும் சிவராசாவின் தலைக்குள்தான் இருந்தது.

நிலைமையைப் பார்த்த மேனுகா, "இனி இப்பிடி ஏலாதம்மா" என்றாள். கிளிநொச்சி நகரத்தில் சிறுதொழில் செய்பவர்களுக்கு ஒரு வகுப்பு நடந்தது. தாயையும் இழுத்துக்கொண்டு அதற்குப் போனாள்.

வகுப்பு எடுத்தவள் சுரேகா என்ற இளம்பெண். சுவரில் விழுந்த வெளிச்சத்தில் 'முகிற் கணிமை' என்று எழுதியிருந்தது. கீழே ஒரு வெள்ளை முகில். அதிலிருந்து அம்புக்குறிகள் ஒரு போனுக்கும் ஒரு கடைக்கும் ஒரு லொறிக்கும் இறங்கின.

"மழை பெஞ்சா என்ன நடக்கும்?" என்று வீரம்மா மகளிடம் மெல்லக் கேட்டாள். மேனுகா தாயின் தொடையில் கிள்ளினாள்.

சுரேகா சொன்னாள்: "உங்கட ஓடர், கணக்கு, படம் எல்லாத்தையும் உங்கட கொம்பியூட்டருக்குள்ள மட்டும் வைச்சிருந்தா, அது பழுதானால் எல்லாம் போயிடும். இன்ரநெற் வழியா வேற இடத்தில இருக்கிற பெரிய கொம்பியூட்டருகளில அதை வைச்சு, தேவைப்படேக்க எங்க இருந்தும் எடுத்துப் பாவிக்கிறதைத்தான் முகில் எண்டுறது."

வீரம்மா கையை உயர்த்தினாள். "எந்த இடத்தில, மிஸ்?"

"அது சிங்கப்பூராயும் இருக்கலாம், இந்தியாவாயும் இருக்கலாம். கனக்க இடங்களில பிரதி இருக்கும் அம்மா."

"அந்தக் கொம்பியூட்டர் ஆரின்ர?"

"ஒரு கொம்பனியின்ர. நாங்கள் வாடகைக்கு எடுக்கிறம்."

வாடகை என்ற சொல் காதில் விழுந்ததும் வீரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளுடைய தொழில் என்னவென்று சுரேகா கேட்டாள். கதிரை வாடகைக்கு விடுவது என்றதும் சுரேகாவின் முகம் மலர்ந்தது.

"அப்ப உங்களுக்கு விளங்கப்படுத்திறது லேசு. ஒரு நாள் கலியாணத்துக்காக ஆரும் முந்நூறு கதிரை வாங்கி வீட்டில அடுக்கிறேல்லை. உங்களிட்ட எடுத்திட்டுத் திருப்பித் தருவினம். இதுவும் அப்பிடித்தான். சின்னக் கடைக்காரர் பெரிய கொம்பியூட்டர் வாங்கத் தேவையில்லை, அதைப் பாக்க ஒரு ஆளை வைக்கத் தேவையில்லை. வேலை கூடின மாசம் கூட எடுக்கலாம், குறைஞ்ச மாசம் குறைக்கலாம். பாவிக்கிற அளவுக்குத்தான் காசு. சின்னத் தேவைக்குச் சிலது சும்மாவும் கிடைக்கும்."

அவ்வளவும் வீரம்மாவுக்கு விளங்கியது. விளங்கியதால்தான் கேள்விகள் வந்தன.

"முகூர்த்த நாளில எல்லாரும் ஒரேயடியாக் கேட்டா என்ன செய்வினம்?"

"அவையிட்ட நிறைய இருக்கு. சமாளிப்பினம்."

"உடைஞ்சா?"

"அவையே திருத்துவினம்."

"கழுவுறது ஆர்?"

மண்டபம் சிரித்தது. சுரேகாவும் சிரித்துவிட்டு, "அதுவும் அவைதான்" என்றாள்.

வீரம்மா சிரிக்கவில்லை. "அவை கடையைப் பூட்டிக்கொண்டு போனா, எங்கட சாமான்?"

சுரேகா வீரம்மாவின் பக்கம் திரும்பினாள். "நல்ல கேள்வி. அதுக்குத்தான் இடைக்கிடை ஒரு பிரதியை இறக்கி நாங்களும் வைச்சிருக்க வேணும். பாஸ்வேட்டையும் கவனமா வைச்சிருக்க வேணும். இன்ரநெற் இல்லாட்டி ஒண்டும் பாக்கவும் ஏலாது. இதெல்லாத்தையும் யோசிச்சுத்தான் இறங்க வேணும்."

பஸ்ஸில் திரும்பும்போது வீரம்மா விரல் விட்டுக்கொண்டு வந்தாள். "கதிரை இஞ்ச. கதிரையின்ர கணக்கு சிங்கப்பூரில. அதைப் பாக்கிறவள் துணுக்காயில. மேனுகா, இதில எது உண்மையான கடை?"

"எல்லாம் ஒரே கடைதான் அம்மா" என்றாள் மேனுகா.

மேனுகா தன் போனிலும் தாயின் போனிலும் ஒரு அட்டவணையைத் திறந்து கொடுத்தாள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரி. பச்சை என்றால் உறுதி, மஞ்சள் என்றால் சாமான் போய்விட்டது, சாம்பல் என்றால் ரத்து. எந்த நாளைத் தொட்டாலும், அன்றைக்கு இரண்டு களஞ்சியத்திலும் எத்தனை கதிரை மிஞ்சும் என்பது மேலே தெரியும். வீரம்மா அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள். உருத்திரபுரம், இருநூற்றி எண்பது. சரியாகத்தான் இருந்தது.

இரண்டாம் நாள் அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த எண் நூற்றி முப்பதாகக் குறைந்தது.

அவள் ஒன்றையும் தொடவில்லை. பதறிப்போய்ப் போனைக் கதிரையில் வைத்துவிட்டுக் களஞ்சியத்துக்கு ஓடினாள். லான்ட்மாஸ்ரர் என்கிற இரண்டு சக்கர உழவு இயந்திரத்தை ஓட்டுகிற மூக்கன் வேப்பமரத்தடியில் படுத்திருந்தான். நாற்பது வயதுக்காரன், கடை தொடங்கிய காலத்திலிருந்து கூட நிற்பவன்.

"மூக்கன், கதிரையை ஆர் ஏத்தினது?"

"ஒருத்தரும் ஏத்தேல்லை அக்கா."

இருவருமாக எண்ணினார்கள். கதிரைகள் எல்லாம் அப்படியே இருந்தன. வீரம்மா மகளுக்கு அழைத்தாள்.

"கதிரை எல்லாம் இருக்கு பிள்ளை. போனில இல்லை."

"நீங்கள் ஞாயிற்றுக்கிழமையைத் திறந்து வைச்சிருக்கிறியள் அம்மா. ஞாயிறுக்கு, பெரியபிள்ளையான ஒரு பிள்ளையின்ர சாமத்தியவீடு வந்தது. இப்ப நான்தான் பதிஞ்சனான்."

"துணுக்காயில இருந்துகொண்டு நீ என்ர போனை எப்பிடித் தொட்டனீ?"

"உங்கட போனைத் தொடேல்லை. நாங்கள் இரண்டு பேரும் பாக்கிறது ஒரே தாள்."

"அப்ப தாள் ஆரிட்ட இருக்கு? உன்னட்டையோ, என்னட்டையோ?"

"இரண்டு பேரிட்டையும் இல்லை."

"என்னாத்துக்கு எனக்கு இந்தக் கண்றாவி!" என்று வீரம்மா போனை வைத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து காலை நீட்டிக்கொண்டு படுத்திருந்த சிவராசாவுக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் விஷயம் பெரிது என்று விளங்கியது.

கார்த்திகை மழை பிடித்தபோது நிலைமை இன்னும் மோசமானது. வானம் இருண்டு கொட்டத் தொடங்கினால் கவரேஜ் போய்விடும். அட்டவணை திறக்காது, திரையில் ஒரு சிறிய வட்டம் மட்டும் சுழன்றுகொண்டிருக்கும். வீரம்மா முற்றத்தில் இறங்கி வானத்தைப் பார்த்தாள். இவ்வளவு முகில் இருக்கும்போது எப்படி இல்லாமற் போகும் என்பது அவளுக்குப் பிடிபடவில்லை. "அதுதான் பெஞ்சு முடிஞ்சுதே" என்றார் சிவராசா. அவர் பகிடியாகச் சொன்னாரோ உண்மையாகச் சொன்னாரோ என்று அவளால் தீர்மானிக்க முடியவில்லை. மழை விட்டதும் அட்டவணை திரும்ப வந்தது. ஒரு வரியும் நனைந்திருக்கவில்லை.

தை பிறந்தது. முகூர்த்தங்கள் தொடங்கின. உருத்திரபுரத்திலேயே தயாளினி என்ற பெண்ணின் கலியாணத்துக்கு இருநூறு கதிரையும் மணவறையும் பந்தலும் பதிந்திருந்தது. கலியாணத்துக்கு முதல் நாள் சிவராசாவுக்கு வவுனியாவில் கிளினிக். வீரம்மா விடியற்காலையில் கடைசிக் கிடாரத்தையும் கழுவிவிட்டு, ஈரக் கையோடு போனை எடுத்து எல்லாம் சரியா என்று பார்த்தாள். திரையில் தண்ணீர் பட்டது. சேலைத் தலைப்பால் துடைத்துப் பைக்குள் போட்டாள். கணவரைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

கிளினிக் முடிந்து வெளியே வந்தபோது போனில் சார்ஜ் இல்லை.

மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் களஞ்சியக் கதவைத் திறந்தாள். பந்தலும் மணவறையும் இருந்தன. கதிரைகள் இல்லை. சுவரோரத்தில் கால் வெடித்த பத்துப் பதினைந்து மட்டும் கிடந்தன. போனைச் சார்ஜில் போட்டுத் திறந்தாள். அதிலும் கதிரை இல்லை என்றுதான் இருந்தது. தயாளினியின் வரி சாம்பல் நிறத்தில் கிடந்தது. மகளின் தவறிய அழைப்புகள் வரிசையாக வந்து விழுந்தன.

"அம்மா, தயாளினியின்ர கலியாணம் நிண்டுபோச்சுதோ?" என்று மேனுகா எடுத்த எடுப்பில் கேட்டாள். "காலமை ரத்து எண்டு காட்டினது. அக்கராயன்ல ஒரு செத்தவீடு. இஞ்ச இருக்கிறது முழுக்க ஒரு சாமத்தியவீட்டில நிக்குது. உங்களுக்கு எவ்வளவோ தரம் எடுத்தன். எடுபடேல்லை. மூக்கண்ணையைக் கொண்டு உங்க மிஞ்சி நிண்ட இருநூறையும் ஏத்திவிட்டன்."

"நான் ரத்துச் செய்யேல்லை!"

மேனுகா மறுமுனையில் அட்டவணையைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னாள். "அம்மா, ஆர் எதை மாத்தினது எண்டு இதில பழையது எல்லாம் நிக்கும். உங்கட பேர்தான் காட்டுது. விடியக்காலமை."

வீரம்மாவுக்கு ஈரக் கை நினைவுக்கு வந்தது. சேலைத் தலைப்பு நினைவுக்கு வந்தது. அப்படியே வாசற்படியில் இருந்துவிட்டாள். விரல் பட்டது இங்கே. கதிரை போனது அக்கராயனுக்கு. நடுவில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. சிவராசா மறந்து போயிருந்தால் அவரை ஏசலாம். இதில் யாரை ஏசுவது?

"அழாதேங்கோ அம்மா. வரியை நான் திரும்பப் பச்சையாக்கிப்போட்டன், அது ஒரு அமத்துத்தான். கதிரையைத்தான் பாக்க வேணும்" என்றாள் மேனுகா.

செத்தவீட்டில் போய்க் கதிரையைத் திருப்பிக் கேட்பது எப்படி? தொழில் தொடங்கிய நாளிலிருந்து அவர்கள் செய்யாத காரியம். வீரம்மா மூக்கனோடு லான்ட்மாஸ்ரர் பெட்டியில் ஏறி அக்கராயனுக்குப் போனாள். வழி நெடுக வயல்கள் முற்றிக் கிடந்தன. அவள் ஒன்றையும் பார்க்கவில்லை. என்ன சொல்வது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள்.

அந்த வீட்டில் பறை அடித்துக்கொண்டிருந்தது. சிவப்பு வட்டம் போட்ட கதிரைகளில் ஊர்ச் சனம் இருந்தது. இறந்தவர் ஒரு முதியவர். மகன் தங்கராசா, மெலிந்த மனிதர், வேட்டியை மடித்துக் கட்டியபடி பாடைக்காரரோடு கதைத்துக்கொண்டு நின்றார். வீரம்மாவைக் கண்டதும் கும்பிட்டார். துக்கம் விசாரிக்க வந்த யாரோ உறவு என்று நினைத்திருக்க வேண்டும். அவளும் கும்பிட்டாள். உள்ளே போய்ப் பெண்களோடு இருந்தாள். இறந்தவரின் மனைவி அவளுடைய தோளைக் கட்டிக்கொண்டு அழுதபோது அவளுக்கும் உண்மையாகவே அழுகை வந்தது. தன்னுடைய சங்கடத்துக்காக அழுகிறாளா, அந்த மனிசிக்காக அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

பாடை தூக்கி ஆண்கள் சுடலைக்குப் போனார்கள். முற்றத்தில் கதிரைகள் வெறுமையாக நின்றன. பெண்கள் வீடு கழுவத் தொடங்கினார்கள். வீரம்மாவும் ஒரு வாளியை எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். பக்கத்தில் தும்புத்தடியோடு நின்ற அந்த வீட்டு மருமகள் அவளை உற்றுப் பார்த்தாள்.

"நீங்கள் மாமாவுக்கு என்ன முறை?"

"நான் முறை இல்லைப் பிள்ளை. கதிரைக்காரி." அதற்கு மேல் அடக்க முடியாமல் வீரம்மா எல்லாவற்றையும் சொன்னாள். நாளைய கலியாணம், ஈரக் கை, போன், துணுக்காய், முகில், சிங்கப்பூர் எல்லாம் ஒன்றாகக் கலந்து வந்தன. மருமகளுக்குப் பாதிதான் விளங்கியது. கலியாணம் என்ற ஒன்று மட்டும் நன்றாக விளங்கியது.

"உதை முதலே சொல்லியிருக்கலாமே. ஆம்பிளையள் வந்தவுடன அவரிட்டக் கதைக்கிறன்."

சுடலையிலிருந்து திரும்பிய தங்கராசா தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்று மனைவி சொன்னதைக் கேட்டார். "கலியாணத்தை நிப்பாட்டக் கூடாது அக்கா. கொண்டு போங்கோ. ஆனா நாளைக்கும் சனம் வரும். எனக்கொரு ஐம்பது விட்டுவிடுங்கோ."

ஐம்பதை விட்டால் கலியாணத்துக்குப் போதாது. வீரம்மா போனை எடுத்தாள். எதையும் அமத்தாமல், பார்க்க மட்டும் செய்தாள். துணுக்காயில் சாமத்தியவீடு இன்று பின்னேரத்தோடு முடிகிறது. நாளைக்கு அங்கே நூற்றி இருபது சும்மா நிற்கும். அவள் மகளுக்கு அழைத்து, விடியற்கருக்கலில் அறுபதை ஏற்றி நேரே உருத்திரபுரத்துக்கு அனுப்பச் சொன்னாள்.

"நானும் அதைத்தான் பாத்துக்கொண்டு இருக்கிறன் அம்மா" என்றாள் மேனுகா.

மறுநாள் தாலி கட்டும்போது பந்தலில் இருக்கக் கதிரை இல்லாமல் யாரும் நிற்கவில்லை. தயாளினியின் தகப்பன் ஒன்றும் அறியாதவராக, "உங்கட மனுசன் இல்லாட்டியும் நேரத்துக்கு எல்லாம் வந்திட்டுது" என்று வீரம்மாவுக்கு வெற்றிலைத் தட்டம் நீட்டினார்.

அதற்குப் பிறகு மேனுகா ஒரு மாற்றம் செய்தாள். ரத்து என்பதைத் தொட்டால், உண்மையாகவோ என்று போன் ஒருமுறை திருப்பிக் கேட்கும். வீரம்மாவும் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். கை காய்ந்த பிறகுதான் போனைத் தொடுவாள். பழையவற்றைப் பார்க்கும் இடத்தை மகளிடம் கேட்டுப் பழகிக்கொண்டாள். யார் எதை மாற்றினார்கள் என்பது அங்கே நின்றது அவளுக்குக் கொஞ்சம் தைரியமாக இருந்தது. சிவராசா ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கினார். வீட்டுக்கு வந்த ஒரு ஓடரை வழக்கம்போலத் தலைக்குள் போட்டு வைத்துவிட்டு, பிறகு மனைவி முறைத்ததும் மெல்ல வந்து, "உதில ஒருக்காப் போட்டுவிடு" என்றார்.

மாசியில் ஒருநாள் முல்லைத்தீவிலிருந்து சிவராசாவின் போனுக்கு அழைப்பு வந்தது. பேசியவர் யாக்கோப்பு. கடற்கரைப் பக்கத்துக் கத்தோலிக்கக் கோயில் ஒன்றின் பெருநாள் ஒழுங்குகளைப் பார்ப்பவர்.

"நானூறு கதிரை வேணும் அண்ணை. வழமையாத் தாறவருக்கு இந்தமுறை ஏலாதாம். உங்களால முடியுமோ?"

நானூறு என்றதும் சிவராசா திணறினார். "பாத்துச் சொல்லுறன். நாளைக்கு எடுங்கோ" என்று தொடங்கினார். வீரம்மா ஈரத்தை உதறி, கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் குந்தினாள். பெருநாள் எந்த நாள் என்று கேட்டாள். அட்டவணையைத் திறந்து அந்த நாளைத் தொட்டாள். இங்கே இருநூற்றி எழுபது. அங்கே நூற்றி ஐம்பது. கணவரின் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"ஓம், தரலாம். இரண்டு இடத்தில இருந்து வரும். முதல் நாளே இறக்கிவிடுவம்."

மறுமுனையில் யாக்கோப்பு நன்றி சொன்னார். சிவராசா மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை ஆண்டுகளில் ஒரு ஓடருக்கு அவள் தானாக வாக்குக் கொடுத்தது இதுதான் முதல் தடவை.

"உனக்கு உது விளங்கீட்டுதோ?" என்று கேட்டார்.

"இல்லை" என்றாள் வீரம்மா. "எங்க இருக்குதெண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது."

அவள் எழுந்தாள். முல்லைத்தீவுக்கு லான்ட்மாஸ்ரர் சரிவராது, லொறிதான் பிடிக்க வேண்டும். யாரிடம் கேட்கலாம் என்று மூக்கனைக் கூப்பிட்டாள்.